மைக் மாமா சொன்ன எங்கள் கருத்து

“நீ கேட்டா யாரும்மா பதில் சொல்லுவா?”

மைக் மாமா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. அதையும் மைக்கிலேயே பேசினார். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். பூங்காவின் கடைசி பெஞ்சில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவர் தலையைத் திருப்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தென்சென்னையில் மைக் மாமாவைப் போல ஓயாமல் பேசிய மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. மற்றவர்கள் மூச்சு விடுவதற்காகப் பேச்சை நிறுத்துவார்கள். இவர் பேச்சுக்கு நடுவே இடம் கிடைத்தால் மூச்சு விட்டுக்கொள்வார். பேசியதெல்லாம் ஸ்பீக்கரில். பழைய பேப்பர், இரும்பு எடுக்கிற வண்டியில் கட்டியிருப்பார்களே, அந்த ரகம். அதைப் பள்ளிக்கூடப் பை போலத் தோளில் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் பூங்காவைச் சுற்றுவார். நடைப்பயிற்சி சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்த ஸ்பீக்கர் அவர் பொறுப்பில் வந்தது. ஆண்டு விழாவுக்காக வாங்கியதாம். விழா முடிந்தது. அவர் முடிக்கவில்லை.

அபிராமபுரத்துக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பூங்கா அது. ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், மறு பக்கம் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தவை அந்தப் பூங்காவும் கொசுவும்தான்.

“பச்சைச் சட்டை போட்டுண்டிருக்கற தம்பி, அது புல்லு. படுக்கை இல்லை.”

“எதிர்த் திசையில நடக்கற அம்மா, எல்லாரும் உங்களுக்கு எதிர்ல வரான்னா, தப்பு எல்லார் மேலயும் இருக்க முடியாது.”

“பெஞ்சில ஒட்டி உக்காந்திருக்கற ரெண்டு பேர் கவனத்துக்கு. நடுவுல இன்னொருத்தர் உக்கார எடம் விடணும்.” அவர்கள் விடாவிட்டால், தானே போய் அந்த இடத்தில் உட்கார்ந்து காட்டுவார். உட்கார்ந்த பிறகும் அறிவிப்பு தொடரும்.

பால்கனியிலிருந்து மாமி போன் செய்தால் அதற்கும் மைக்கிலேயே பதில். “ரசம் போறும். கொழம்பு வேண்டாம்.” அவர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்பது பூங்காவில் நடந்த அத்தனை பேருக்கும் தெரியும். வத்தக்குழம்பு என்றால் சிலர் கூடுதலாக ஒரு சுற்று நடந்துவிட்டுப் போவார்கள்.

அவர் பேசாத நேரத்தில் அவர் பதிவு செய்து வைத்தது பேசும். “பந்து விளையாடக் கூடாது. பந்து கொண்டுவரக் கூடாது. பந்து மாதிரி எதையும் கொண்டுவரக் கூடாது.” முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு பூங்கா வழியாகக் குறுக்கே போன என் அம்மாவை ஒரு முறை நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் அம்மா போயிருக்கிறாள், பெருக்குவதற்கு. நான் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, முடித்து ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்ததும் கொடுத்த முதல் வேலை இதுதான்: அக்கம்பக்கத்து இளைஞர்களிடம் பூங்காவை எப்படி மாற்றலாம் என்று கருத்துக் கேட்க வேண்டும். கேட்டதை வார்டு கூட்டத்தில் வைக்க வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை கொடுத்தார்கள். குளிக்கும்போது மட்டும் கழற்றினேன்.

“படிச்சவா யாரையாவது அனுப்பச் சொல்லேன்” என்றார் மைக் மாமா.

“நான் படிச்சவதான் மாமா.”

“எது வரைக்கும்?”

“எம்.எஸ்.டபிள்யூ.”

மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். “பூங்காவில் இருப்பவர்கள் கவனத்துக்கு. இந்தப் பொண்ணு எம்.எஸ்.டபிள்யூ. படிச்சிருக்கு.”

கேலி செய்தாரா, பாராட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அது சுவரைத் தாண்டி எங்கள் குடியிருப்புக்குள் கேட்டிருக்கிறது. சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “மைக்ல உன் பேரு வந்துச்சாமே?” என்றாள். பேர் வரவில்லை, படிப்பு மட்டும்தான் வந்தது என்றேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் மாமா சொன்னது பலித்துவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. “பூங்கா எப்படி இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்?” என்று நான் கேட்டால், பையன்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒன்னியும் வாணாம்க்கா. இப்டியே கீட்டும்.”

“ஏன் தம்பி?”

“எதுனா கேட்டா, கீறதையும் பூட்டிருவாங்க.”

தெளிவாகப் பேசியவள் ஒருத்திதான். பர்வீன். எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடி. அப்பா திருவல்லிக்கேணியில் தையல் கடை வைத்திருந்தார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், பள்ளியின் த்ரோபால் அணிக்குத் தலைவி. அணி இருந்தது, பந்து இருந்தது, இடம் இல்லை. பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூங்காவின் பின்மூலையில் புல்கூட முளைக்காமல் ஒரு வெற்று மண்தரை கிடந்தது. சாயங்காலம், நடக்கிறவர்கள் வருவதற்கு முன்னால், அந்த மண்ணில் விளையாட விட வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

“எங்களுக்கு அந்த மூலை வோணும். எழுதிக்கோக்கா” என்றாள் பர்வீன். “எழுதி இன்னா ஆவப்போவுதுன்னு தெர்ல. இருந்தாலும் எழுதிக்கோ.”

ஒருத்தியின் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போக முடியாது. வேறு வழியில்லாமல் மைக் மாமாவிடமே போனேன். இளைஞர்களை ஓர் இடத்தில் கூட்ட ஓர் அறிவிப்புச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அறிவிப்புச் செய்ய முடியுமா என்று அவரிடம் கேட்டது, மீனிடம் நீந்த முடியுமா என்று கேட்டது போலாகிவிட்டது. அந்த வாரம் முழுவதும் பூங்கா அதிர்ந்தது. “ஞாயித்துக்கிழமை காலம்பற இளைஞர்கள் கூட்டம். இளைஞர்கள் ஒருத்தர்கூட விட்டுப்போகாம வரணும்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லா பெஞ்சும் நிறைந்திருந்தது. எல்லாத் தலையும் நரைத்திருந்தது.

நடைப்பயிற்சி சங்கத்துக்கு இளைஞர் அணி என்று ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. எழுபதைத் தொடாதவர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். கட்சிகளிலேயே அப்படித்தானே என்றார் மாமா. அவர்கள் வஞ்சனையில்லாமல் கருத்துச் சொன்னார்கள். முழங்காலுக்கு இதமாகத் தரை வேண்டும். பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும். இளைஞர் அணியின் துணைத் தலைவர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து, “இளைஞர்களுக்குன்னு தனியா நாலு சாய்வு பெஞ்ச்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நிஜமான இளைஞர்கள் வேலிக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மாமா தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனார். ஸ்பீக்கரை வேலியோர பெஞ்சில் வைத்திருந்தார். பர்வீன் வேலிக்குள் கையை விட்டு மைக்கை எடுத்துவிட்டாள்.

“பூங்காவில் இருப்பவர்கள் கவனத்துக்கு” என்றாள், அச்சு அசல் மாமாவின் இழுவையோடு. “இளைஞர் அணித் தாத்தாக்கள் எல்லாரும் வூட்டுக்குப் போய் மாத்திர சாப்ட்டு வரவும். இது எங்க கூட்டம்.”

இளைஞர் அணியே சிரித்துவிட்டது. அதைவிட முக்கியம், நான் கேட்டபோது வாயே திறக்காத பெண்கள் எல்லாரும் “எங்கிட்ட குட்றீ, எங்கிட்ட குட்றீ” என்று மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண் திறந்தது. என் கேள்விகளை ஓரமாக வைத்தேன்.

மைக்கைப் பெண்களுக்குக் கொடுக்க மாமாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அந்த மைக்கை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ஆண்டு விழாவில் சங்கத் தலைவர் பேசியபோதுகூட இவர்தான் பிடித்துக்கொண்டு நின்றாராம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். “அவா பேசட்டும். ஸ்பீக்கர்லயே பதிஞ்சுக்கலாம். ஆனா மைக்க நான்தான் புடிச்சுப்பேன்.”

வார்டு கூட்டம் வேலை நாளில், காலையில். பெண்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்பார்கள். அதனால் அவர்கள் பேசியதை அங்கே போட்டுக் காட்டுவது என்று முடிவானது. அந்தப் பின்மூலையில் அவர்கள் வரிசையாக நின்றார்கள். மாமா ஒவ்வொருத்தி முன்னாலும் போய் மைக்கை நீட்டினார். பிரசாதம் கொடுப்பது போல அவ்வளவு கவனமாக நீட்டினார்.

ஒருத்தி சொன்னாள்: “எங்கூட்ல எல்லாருக்கும் சேத்து ஒரே ரூமு. நான் ரெண்டு கையும் நீட்டி நிக்கணும்னா இங்கதான் வரணும்.”

இன்னொருத்தி: “வூட்ல எதுக்கும் சத்தம் போடக் கூடாதும்பாங்க. பந்து புடிக்கும்போது மட்டும்தான் கத்திக்கினு இருக்கலாம். கத்துனா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க.”

பர்வீன் முறை வந்தது. மைக்கை நீட்டியவரையே நேராகப் பார்த்தாள். “இந்த மைக் தாத்தா வாய மூடிக்கினா பாதி பார்க் திருந்திரும். காது வலிக்குது. இவருக்கு வூட்ல வேல வெட்டி ஒன்னியும் இல்லியா?”

மாமா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“பதிவாயிடுத்து. அடுத்தது யாரு?” என்றார்.

கூட்டத்துக்கு மாமா சலவை வேட்டியில் வந்தார். ஸ்பீக்கரைத் துடைத்து அதன் நெற்றியில் விபூதி வைத்திருந்தார். சமுதாயக் கூடத்தில் அதிகாரியும் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, ஒரு மாதம் பயிற்சி செய்த குரலில், “அடுத்து, இந்தப் பகுதி இளம்பெண்களின் கருத்துகளை அவர்கள் குரலிலேயே கேட்கலாம்” என்றேன். மாமா பொத்தானை அழுத்தினார்.

“அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள்.”

மாமாவின் குரல்.

முதலில் முன்னுரை மட்டும்தான் அவர் என்று நினைத்தேன். “எங்கள் இல்லங்களில் இடவசதி குறைவு” என்றது ஸ்பீக்கர். “பந்து விளையாட்டில் எங்களுக்கு மிகுந்த ஆர்வம் உண்டு” என்றது. சில இடங்களில் பெண் குரல் போல இருக்கட்டும் என்று கொஞ்சம் குழைந்திருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. கூடத்தில் முதலில் ஒருவர் இருமினார். பிறகு ஒருவர் கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரும் மறைக்கவில்லை.

ஸ்பீக்கர் நிதானமாகத் தொடர்ந்தது. “ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் முதியவர் தம் வாயை மூடிக்கொண்டால், பூங்கா பாதி திருந்திவிடும். அவரால் எங்களுக்குக் காது வலிக்கிறது. அவருக்கு வீட்டில் வேலை வெட்டி எதுவும் இல்லையா என்பதை அறிய விரும்புகிறோம்.”

மற்ற எல்லாவற்றையும் சுருக்கிச் சலவை செய்தவர், தன்னைத் திட்டியதில் மட்டும் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அதைச் சொன்ன இடத்தில் அவர் குரல் குழையவும் இல்லை.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இளம்பெண்கள் பிரமாதமா பேசறாங்க சார்” என்றார். “அவங்கள ஒருவாட்டி நேர்ல பாத்தா தேவலை.” நான் எழுந்து, பெண்கள் நிஜமாகவே பேசினார்கள், இப்போது பள்ளியில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். என் குரல் அந்தச் சிரிப்பைத் தாண்டவில்லை. “சரிம்மா, பாக்கலாம்” என்று கையமர்த்திவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அடுத்த விஷயம் குப்பைத் தொட்டி.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன் மாமா? அவங்க பேசினது எங்கே?”

“அதுலயா? ஒரே காத்து. காக்கா கத்தறது. நடுவுல ஒருத்தி தும்மறா. இன்னா, கீது, வோணும்னு பேசறா. சபைல எப்டிம்மா போடறது? அவாள எளப்பமா நெனச்சுடுவாளோன்னு ஆத்துல உக்காந்து நானே சுத்தமா சொல்லிண்டு வந்தேன்.”

“அவங்க குரல் இருக்கா?”

“அது மேலயேதான் பதிஞ்சேன். இதுல ஒண்ணுதான் நிக்கும்.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர் கேட்டார். “நன்னாதானே இருந்தது? எதுக்கு அப்படிச் சிரிச்சா?”

எம்.எஸ்.டபிள்யூ.வில் இதற்கு பதில் சொல்லித் தரவில்லை.

சாயங்காலம் அவரே பூங்கா வாசலில் நின்று பர்வீனுக்கு விஷயத்தைச் சொன்னார். என்னைச் சொல்ல விடவில்லை. ஸ்பீக்கர் தோளில் இருந்தது, ஆனால் மைக்கை எடுக்கவில்லை. பர்வீன் முழுவதையும் கேட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“எங்க குரல் அவ்ளோ அசிங்கமாவா தாத்தா கீது?” என்றாள்.

மைக் மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வெறும் தோளோடு வந்து நடந்தார். யாரோ எதிர்த் திசையில் வந்தார், மாமா ஒதுங்கி வழிவிட்டார். சில நாள் அப்படி நடந்துவிட்டு, பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை என்று இளைஞர் அணித் துணைத் தலைவர் சொன்னார். நாங்கள் திரட்டிய கருத்துகளில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

பூங்காவையும் பிறகு மேம்படுத்தினார்கள். பின்மூலையில் சிமெண்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்தது. ஒட்டகச்சிவிங்கி வேண்டும் என்று இளைஞர் அணிகூடக் கேட்கவில்லை. பெண்கள் த்ரோபால் வலையின் ஒரு முனையை அதன் கழுத்தில் கட்டி விளையாடப் பார்த்தார்கள். காவலாளி வந்து அவிழ்த்துக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பூங்கா இப்போது அமைதியாக இருக்கிறது. அமைதி வேண்டும் என்று கேட்டவர்கள்தான் நாங்கள். ஆனால் சாயங்காலங்களில் அந்த வழியாக வீட்டுக்குப் போகும்போது எனக்கு என்னவோ போலிருக்கிறது. அவர் வீட்டில் இன்றைக்கு ரசமா குழம்பா என்று பூங்காவில் ஒருவருக்கும் தெரியாது. கேட்க முடியாமல் போன இன்னொன்றும் இருக்கிறது. கையை நீட்டி நிற்க இடம் வேண்டும் என்று சொன்ன பெண்ணுக்குப் போன தை மாதம் கல்யாணமாகி அவள் ஆவடிக்குப் போய்விட்டாள். அந்தப் பின்மூலையில் அவள் ஒரு முறைகூடப் பந்து பிடிக்கவில்லை. அவள் சொன்னதை அவள் குரலில் கேட்டவர்கள் நாங்கள் சிலர் மட்டும்தான்.

அடுத்த வார்டு கூட்டம் வருகிறது. அலைந்து, நின்று, நச்சரித்து, அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வைத்துவிட்டேன். பர்வீன் இப்போது கல்லூரியில் முதலாமாண்டு. இந்த முறை அவளும் அணியும் நேரிலேயே வந்து பேசுகிறார்கள். போன வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து யார் எதைப் பேசுவது என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, மாமாவையும் கூட்டத்தில் பேசக் கூப்பிடலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

பர்வீன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“வரட்டும்க்கா” என்றாள் கடைசியில். “எங்க விஷயத்த நாங்க பேசிக்கிறோம். அவரு விஷயத்த அவரு பேசட்டும். அவரும் இந்த பார்க்குகாரருதானே?”

அவர் வீட்டுக்குப் போனேன். மாமிதான் கதவைத் திறந்தார். “வாம்மா. தூங்கறார். இப்போல்லாம் டிவி சத்தத்தைக்கூடக் கொறச்சு வெச்சுடறார்” என்றார். “பேசச் சொல்லி நானே சண்டை போட வேண்டியிருக்கு. ஆச்சரியமாத்தான் இருக்கு.” எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவருடைய பெயரை மட்டும் கேட்டுக்கொண்டேன். இத்தனை நாளும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

நேற்று வார்டு அலுவலகத்துக்குப் போய்ப் பேசுகிறவர்களின் பெயர்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் பர்வீன், பிறகு அணியில் மற்றவர்கள், கடைசியில் முன்னெழுத்தோடு மாமாவின் பெயர். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று அங்கே இருந்தவர் கேட்டார். பெண்களுக்கெல்லாம் ஐந்து ஐந்து நிமிடம் என்றேன்.

“இந்தக் கடைசிப் பெரியவருக்கு?”

“அவர் பேசி முடிக்கிற வரைக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.